நீலப் பம்பு மட்டும் போதாது: டெல்டாவில் இளைப்பு உள்ளவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

சம்பா அறுவடைக்கு இயந்திரம் வயலில் இறங்கும் நாளில், இளைப்புக்காரர் (ஆஸ்துமா உள்ளவர்) இருக்கும் வீட்டில், இளைத்ததும் வாயில் அடிக்கும் நீலப் பம்பை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். சளசளவென்று சத்தம் கேட்டால் "மருந்து இருக்கு" என்று திரும்ப வைத்துவிடுவார்கள். அந்தக் குலுக்கலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. மருந்து தீர்ந்த பிறகும் டப்பாவுக்குள் உந்துவாயு மிஞ்சியிருக்கும். சத்தம் கேட்கும், அழுத்தினால் புகையும் வரும், மருந்து மட்டும் வராது. அதைவிடப் பெரிய பிழை, அறுவடைக் காலத்தை நீலப் பம்பை மட்டும் நம்பிக் கடந்துவிடலாம் என்று நினைப்பது.

முதல் பிழையைத் திருத்துவது எளிது. எண் காட்டும் பம்பாகக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், பிரித்த தேதியைப் பம்பின் மேல் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை அழுத்தியதையும் நாட்காட்டியில் கோடு போட்டு வையுங்கள். அட்டையில் 200 என்று இருந்தால் 200 கோட்டோடு அது முடிந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் சரியான அளவுகோல் அல்ல. இரண்டாவது பிழைக்குத்தான் இந்தக் கட்டுரை.

நீலப் பம்பு எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அதே நேரம் குழாயின் உள்சுவர் வீங்கிச் சளி கோத்துக்கொள்கிறது. நீலப் பம்பில் உள்ள சல்பூட்டமால் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். அந்தச் சுகம் 4 முதல் 6 மணி நேரம் இருக்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. மேலே நன்றாக இருப்பதுபோலத் தோன்ற, உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் நெல்தூசியோ சளிக்காய்ச்சலோ சேர்ந்ததும் பம்பு எடுபடாமல் போகும். 200 முறை அழுத்தக்கூடிய நீலப் பம்பு வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று என 12 தீர்ந்தால் உயிரிழக்கும் ஆபத்தே கூடுகிறது.

இதனால்தான் ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலை வெளியிடும் ஜினா அமைப்பு, பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் நீலப் பம்பை மட்டும் கொடுக்கும் முறையை 2019இல் கைவிட்டது. அதற்கு அடித்தளம் 2018இல் வெளியான சிக்மா ஆய்வுகள். லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு வரும்போது மட்டும் புடசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த பம்பு கொடுத்தபோது, நீலப் பம்பு வகை மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடக் கடும் இளைப்பு 64% குறைந்தது. 2025இல் நியூசிலாந்தில் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளிடம் இதே வழியைச் சோதித்தார்கள். அங்கும் நீலப் பம்புக்காரர்களைவிடத் தாக்குதல் 45% அளவுக்குக் குறைந்தது.

காரணம் நேரடியானது. ஃபார்மோடெரால் நீலப் பம்பு அளவுக்கு விரைவாகத் தசையைத் தளர்த்துகிறது; புடசோனைடு வீக்கத்தை அடக்குகிறது. இளைப்பு வந்தால்தான் பம்பைத் தேடுகிறவர்களுக்கும் வீக்க மருந்து தானாகவே உள்ளே போய்விடுகிறது. மருத்துவரிடம் போகும்போது "எனக்கு இந்தக் கலவைப் பம்பு பொருந்துமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, 200/6 என்று போட்ட பம்பில் தேவைப்படும்போது 1 இழுப்பு. சில நிமிடங்களில் குறையாவிட்டால் இன்னொன்று. ஒரு நாளில் மொத்தம் 12 இழுப்பைத் தாண்டக் கூடாது. அவ்வளவு தேவைப்படும் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள்.

கடையில் வாங்கும்போது பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். சால்மெடெரால் கலந்த பம்பும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும். ஆனால் அது மெதுவாக வேலை செய்வது, காலை மாலை மட்டுமே எடுக்க வேண்டியது. இளைக்கும்போது அதைப் பிடித்தால் பலன் இல்லை.

"பம்பு பழகிட்டா விட முடியாது" என்ற பேச்சு பல பேரைக் கெடுத்திருக்கிறது. பம்பின் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குப் போகிறது. அதைத் தவிர்க்கிறவர்கள் கடைசியில் ஸ்டீராய்டு ஊசியிலும் மாத்திரையிலும் வந்து நிற்கிறார்கள். அவை மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் பரவுகின்றன. வாழ்நாளில் 4, 5 தடவை ஸ்டீராய்டு மாத்திரை 'கோர்ஸ்' எடுத்தாலே எலும்புத் தேய்மானம், சர்க்கரை, கண்புரை வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் கடைக்காரர் ஸ்டீராய்டு மாத்திரையும் கலந்து கொடுக்கும் பொட்டலத்துக்குப் பயப்பட வேண்டும் என்கிறோம், பம்புக்கு அல்ல. கர்ப்பிணிகளும் பம்பை நிறுத்தக் கூடாது. தாய்க்கு இளைத்தால் பிள்ளைக்கும் மூச்சு குறையும்.

முதலில் இது ஆஸ்துமாதானா?

விசில் சத்தமெல்லாம் ஆஸ்துமா ஆகாது. 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் குறைந்து, காலும் வீங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். பல வருடம் பீடி பிடித்தவருக்கும், விறகடுப்பின் முன்னால் காலம் கழித்த அம்மாக்களுக்கும் வரும் நாள்பட்ட மூச்சடைப்பு வேறு நோய். பூஞ்சை பிடித்த வைக்கோலைப் பிரித்துப் போட்டு 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், உடல்வலியோடு மூச்சு வாங்கினால் அது 'விவசாயி நுரையீரல்' என்னும் அழற்சியாக இருக்கலாம். அதற்கு முதல் வைத்தியம் அந்த வைக்கோலை விட்டு விலகுவது.

டெல்டாவுக்கென்றே ஒன்று உண்டு. யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த மண் இது. அந்தப் புழுவுக்கு எதிரான ஒவ்வாமை நுரையீரலில் வந்தால் இரவில் வறட்டு இருமலும் விசிலும் வரும், அப்படியே ஆஸ்துமா மாதிரி. ரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 3000ஐத் தாண்டி நிற்கும். டைஎத்தில்கார்பமசைன் மாத்திரை 3 வாரம் எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆகவே ஈசினோபில் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் வந்தால் "அலர்ஜி ஜாஸ்தி" என்று சொல்லி முடித்துவிட விடாதீர்கள்.

ஆஸ்துமாவை உறுதி செய்யும் முதன்மைச் சோதனை, ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி. ஒருமுறை ஊதி, சல்பூட்டமால் 4 இழுப்பு எடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12%க்கு மேலும், அதோடு 200 மில்லிக்கு மேலும் கூடினால் பெரியவர்களுக்கு ஆஸ்துமா என்பதற்கு அது வலுவான சான்று. சோதனைக்கு முன் நீலப் பம்பை 4 மணி நேரமும், காலை மாலை எடுக்கும் கலவைப் பம்பை 24 மணி நேரமும் நிறுத்தியிருக்க வேண்டும். காலையில் பம்பு அடித்துவிட்டு தஞ்சைக்குப் பஸ் ஏறினால் சோதனை 'நார்மல்' என்றுதான் வரும். நடுவழியில் இளைத்தால் தயங்காமல் பம்பை எடுங்கள், சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சித்திரையில் ஊதி நார்மல் என்று வந்ததை வைத்து, தையில் வரும் நோயை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவது, ஊதும் காற்றின் உச்ச வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். மின்சாரம் வேண்டாத, ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய்.

நின்றுகொண்டு முள்ளைக் கீழே இறக்குங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் 'ஃபூ' என்று வேகமாக ஊதுங்கள். நாக்கு துளையை அடைக்கக் கூடாது. துப்புவதுபோல ஊதினால் பொய்யாக எண் ஏறும். 3 முறை ஊதி, சராசரியை அல்ல, பெரிய எண்ணை எழுதுங்கள். எழுந்ததும் பம்பு எடுப்பதற்கு முன் ஒருமுறை, மாலை ஒருமுறை, 2 வாரம். கணக்கு இப்படி: காலை 280, மாலை 340 என்றால் வித்தியாசம் 60, இரண்டின் நடு எண் 310, 60ஐ 310ஆல் வகுத்தால் 19%. ஒவ்வொரு நாளுக்கும் இப்படிப் போட்டு மொத்தச் சராசரி எடுங்கள். பெரியவர்களுக்கு 10%க்கு மேல், குழந்தைகளுக்கு 13%க்கு மேல் வந்தால் மூச்சுக்குழாய் ஏறி இறங்குகிறது என்று பொருள். அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர்கள் வேலை நாளையும் விடுப்பு நாளையும் தனி நிற மையில் எழுதினால், தொழில்தான் காரணமா என்பது நோட்டிலேயே தெரியும். ஊதி வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கும் கருவி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. பெரியவர்களுக்கு 50க்கு மேல் வந்தால் அலர்ஜி வகை வீக்கம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

அலர்ஜி சோதனை எங்கே உதவும்

முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்துக் குத்திப் பார்ப்பதுதான் இன்றும் நல்ல சோதனை. 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். செட்ரிசின் வகை மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே நெகட்டிவாக வரும். நம் பகுதிக்குத் தூசிப்பூச்சி, கரப்பான், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை, சீமைக்கருவேல மகரந்தம், பார்த்தீனியம், புல் மகரந்தம் இவை பட்டியலில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நம் பகுதியில் இல்லாத மரங்களின் பெயர்கள் நீண்டு கிடக்கும் பட்டியலுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பாசிட்டிவ் என்றால் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தொட்டால், சுவாசித்தால், சாப்பிட்டால் தொந்தரவு வந்தால்தான் அலர்ஜி. தூசிப்பூச்சி, கரப்பான், இறால் மூன்றிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது. அதனால் தூசி அலர்ஜி உள்ளவருக்கு இறால் சோதனையும் பாசிட்டிவாக வரலாம். நாகூர், வேளாங்கண்ணிப் பக்கம் பிறந்ததிலிருந்து இறால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர், காகிதத்தைப் பார்த்து இறாலை நிறுத்த வேண்டியதில்லை. ரத்தத்தில் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளைப் பார்த்து ஐம்பது நூறு உணவுகளைத் தள்ளிவைக்கச் சொல்லும் சோதனையை மட்டும் செய்யாதீர்கள். ஐஜிஜி, சாப்பிட்ட உணவின் தடயம். அலர்ஜிக்குக் காரணம் ஐஜிஇ என்னும் வேறோர் எதிர்ப்பொருள்.

ஆனால் இறால், நண்டு சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் உடல் முழுக்கத் தடிப்பும் மூச்சுத்திணறலும், அல்லது மயக்கமும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே. தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம். ஏவில் ஊசி அரிப்பை அடக்கும், உயிரைக் காக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவரை நிற்க வைக்காதீர்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், இல்லாவிட்டால் காலைத் தூக்கிப் படுக்க வையுங்கள்.

பம்பு பிடிக்கும் முறை

பம்பு எடுபடவில்லை என்று சொல்லும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்தை அல்ல, பிடிக்கும் முறையை. புகை வாயிலேயே மோதி நின்றுவிடும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. வயது எதுவானாலும் ஸ்பேசரோடு, அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் கூட்டோடு, எடுப்பது நல்லது.

மூடியைக் கழற்றி, உள்ளே தூசி, எறும்பு இல்லையா என்று பாருங்கள். ஒரு வாரமாகத் தொடாத பம்பு என்றால் காற்றில் இரண்டு முறை அடித்துவிடுங்கள். நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டு, ஸ்பேசரின் வாய்ப்பகுதியைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் மூடி, ஒரே ஒரு முறை அழுத்துங்கள். உடனே மெதுவாக, 4, 5 நொடி எடுத்து உள்ளே இழுங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் தங்கிவிடும். 10 நொடி அடக்கி, பிறகு விடுங்கள். அடக்க முடியாத குழந்தையும் முதியவரும் ஸ்பேசருக்குள்ளேயே 5, 6 முறை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். அடுத்த இழுப்புக்கு அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்குங்கள். இரண்டு முறை சேர்த்து அழுத்தி ஒரே மூச்சில் இழுப்பது வீண். வீக்க மருந்துள்ள பம்பு என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் வரும், குரலும் கம்மும்.

கேப்ஸ்யூல் போடும் கருவிக்கு முறை நேர்மாறு. அதில் மருந்தைத் தூக்கிக்கொண்டு போக உங்கள் மூச்சுதான் இயந்திரம். வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கேப்ஸ்யூலை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்து வைத்தால் தூள் கட்டிதட்டிவிடும்.

ஸ்பேசரை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் நிழலில் காயவையுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் கையில் இல்லாத நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே உதவும். அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போட்டு, சுற்றி டேப் ஒட்டி, கழுத்துப் பக்கம் வாயை வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் ஒப்பிட்டு 1999இல் வெளியான ஆய்வில், இப்படி அடைத்துச் செய்த பாட்டில் கடை ஸ்பேசருக்கு இணையாகவே வேலை செய்தது. புது பாட்டிலில் முதலில் சில முறை பம்பை அடித்து உள்சுவரில் மருந்து படியவிடுங்கள்.

அறுவடையும் மழையும்

விட்டுவிட்டுப் பம்பு எடுப்பவர்கள் மார்கழி நடுவிலேயே மருத்துவரைப் பார்த்து, காலை மாலை எடுக்கும் அளவுக்கு மாறுவது பற்றிப் பேசுங்கள். வீக்கம் முழுதாக அடங்க ஓரிரு வாரமாவது ஆகும். தூசி கிளம்பிய பிறகு ஆரம்பித்தால் பின்தங்கிவிடுவோம். அறுவடை முடிந்து 4 வாரம் வரை தொடர வேண்டும்.

அறுவடை இயந்திரம் ஓடும்போதும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றும்போதும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். பதர் பறக்கும் பக்கத்தில் மூட்டை பிடிக்கும் வேலையை இளைப்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். தலையில் கட்டும் துண்டை மூக்கில் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும் உமியைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. என்95 வகை முகக்கவசம் வேண்டும். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, இரண்டு உள்ளங்கையால் மூடி ஊதும்போது ஓரத்தில் காற்று கசியக் கூடாது. தாடி இருந்தால் கசியும். வீட்டுக்குள் நுழையும் முன் சட்டையைக் கழற்றி, தலைக்குக் குளியுங்கள். தலைமுடியில் இருக்கும் தூசிதான் ராத்திரி தலையணைக்கு வருகிறது. ஈரம் காயாத வைக்கோலைச் சுருட்டிக் கட்டிப் படுக்கும் அறையை ஒட்டி அடுக்காதீர்கள்.

வீட்டில் முதல் வேலை, செலவில்லாதது: கொசுவர்த்தியையும் சாம்பிராணிப் புகையையும் நிறுத்தி வலை கட்டுவது. அடுத்து படுக்கை. பழைய இலவம்பஞ்சு மெத்தை தூசிப்பூச்சியின் குடியிருப்பு. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி அளவில், ஊறவைத்துத் துவையுங்கள். மழைக்காலச் சுவர்ப்பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்து வீடெல்லாம் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, ஒழுகும் இடத்தை அடையுங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பெரிய மாற்றம் தெரியாது. எல்லாம் செய்தாலும் பம்புக்கு மாற்று ஆகாது.

மூக்கடைப்பும் தும்மலும் உள்ளவருக்கு மூக்கைச் சரிசெய்தால் நெஞ்சும் லேசாகும். மூக்கு கழுவ, கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் உப்பு, அதாவது தட்டையான அரைத் தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. குளத்து, வாய்க்கால் தண்ணீரையோ கொதிக்காத குழாய்த் தண்ணீரையோ மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் நுழைகிறது. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை இடது கையால் வலது மூக்கிலும், வலது கையால் இடது மூக்கிலும், நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம் பார்த்து அடியுங்கள். நேராக நடுச்சுவரில் அடிப்பதால்தான் ரத்தம் கசிகிறது. மூக்கு அலர்ஜிக்கும் இளைப்புக்கும் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை எடுப்பவருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை சேர்த்தது.

இளைப்பு கட்டுக்கடங்காமல் போனால்

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கிறது, பீக் ஃப்ளோ சொந்த உச்சத்தில் (நன்றாக இருந்த நாட்களில் அவர் ஊதிய மிகப் பெரிய எண்ணில்) பாதிக்கு வந்துவிட்டது, விரல் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழ்: இவற்றில் எது இருந்தாலும் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உட்கார வைத்து, ஸ்பேசரில் நீலப் பம்பு 4 முதல் 10 இழுப்பு, ஒவ்வொன்றாக. 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதையே திரும்பக் கொடுங்கள். விசில் சத்தம் அடங்கி, ஆள் சோர்ந்துபோனால் குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே போகாததால் சத்தம் நின்றிருக்கிறது. ஆவி பிடிப்பதும் மார்பில் தைலம் தடவுவதும் அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

சரியாகப் பிடித்தும், அதிக அளவு பம்பு எடுத்தும், வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுகிறவர்கள் நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் ஊசி உயிரியல் மருந்துகள் பற்றிக் கேட்கலாம். ஓமாலிசுமாப், மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் என்று ரத்தத்தின் ஐஜிஇ, ஈசினோபில் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். விலை அதிகம் என்பதால், பம்பு பிடிக்கும் முறையை யாராவது நேரில் பார்த்துத் திருத்தும் முன் அங்கே போவது சரியல்ல.

மருந்தைக் குறைப்பதற்கும் ஒரு காலம் உண்டு. 3 மாதம் தொடர்ந்து ராத்திரி விழிப்பில்லை, நீலப் பம்போ கூடுதல் இழுப்போ வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படவில்லை என்றால், மருத்துவர் வீக்க மருந்தைக் கால்பங்கு முதல் பாதி வரை குறைப்பார். மார்கழி, தையில் குறைக்கச் சொல்லாதீர்கள். தாளடி அறுவடையும் ஓய்ந்து 3 மாதம் கழித்து, ஆனியில் கேளுங்கள். குறைத்த நாளிலிருந்து குறுவை அறுவடை முடியும் வரை பீக் ஃப்ளோ நோட்டை விடாமல் எழுதுங்கள். காலை எண் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சொந்த உச்சத்தின் 80%க்குக் கீழே வந்தால், இளைப்புக்குக் காத்திருக்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.